சிதறும் இதழ்கள்

'ல தெபா' என்ற பிரெஞ்சுச் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரைகள் பலவற்றை நான் வாசித்திருக்கின்றேன். ஆயினும் அதன் ஓர் இதழையேனும் முதற் பக்கம் தொடக்கம் இறுதிப் பக்கம் வரை வாசித்ததில்லை. வரலாற்றாசிரியர் பியேர் நோரா 1980இல் கலிமார் பதிப்பகத்தினூடாகத் தொடங்கிய அச்சஞ்சிகை 2020இல் நின்றுபோனபோதுதான் இது எனக்கு உறைத்தது. அதற்கு முந்திய ஆண்டில், சார்த்தரும் சிமோன் த போவாரும் 1945இல் தொடங்கிய 'லே தான் மொதேர்ன்' சஞ்சிகையும் மூடப்பட்டது. இரண்டினதும் கட்டுரைகளை இன்றும் இணையத்தில் தேடிப் பெறலாம். சஞ்சிகைகள்தாம் இல்லை.

பிரெஞ்சுக்காரர் இணையத்தைப் புறக்கணித்தார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. 1665 ஜனவரியில் 'ஜூர்னல் தே சவான்' என்ற அறிஞர் இதழைப் பாரிஸில் வெளியிட்டு ஐரோப்பிய ஆய்விதழ் மரபுக்கு வழிதிறந்த மொழி அது. கனடாவின் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் 1998இல் 'எருதி' உருவாயிற்று. அடுத்த ஆண்டில் மாரன் தக்கோஸ் தொடங்கிய தளம் இன்று 'ஓப்பன் எடிஷன்' என்ற பெயரில் மானிடவியல், சமூகவியல் துறைசார்ந்த இதழ்கள் பலவற்றைத் தாங்கி நிற்கின்றது. 2005இல் இரண்டு தளங்கள் வந்தன. ஒன்று, அரச நிதியில் பழைய இதழ்களை மின்வடிவாக்கி இலவசமாகத் தரும் 'பெர்சே'. மற்றது, நான்கு பதிப்பகங்கள் கூடி அமைத்த 'கேர்ன்'. மலையேறுவோருக்குப் பாதை காட்டும் கற்குவியலைக் குறிக்கும் சொல் அது.

கேர்ன் வகுத்துக்கொண்ட ஏற்பாடு நடைமுறைக்கு உகந்தது. அதில் பல சஞ்சிகைகளின் புதிய இதழ்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும். சில ஆண்டுகள் கழிந்தபின் அவை எல்லோருக்கும் திறக்கப்படும். ஆனால் 2016இல் பிரான்ஸ் நிறைவேற்றிய சட்டம், பெரும்பாலும் பொது நிதியில் நடந்த ஆய்வின் கட்டுரையை, மானிட சமூக விஞ்ஞானங்களாயின் 12 மாதங்களுக்குப் பின்னரும் ஏனைய விஞ்ஞானங்களாயின் 6 மாதங்களுக்குப் பின்னரும் இலவசமாக வெளியிடும் உரிமையை ஆசிரியருக்கு வழங்கிற்று. மக்கள் பணத்தில் விளைந்த அறிவு மக்களைச் சேரவேண்டும் என்ற நியாயத்தை நான் முழுமனதோடு ஏற்கின்றேன். சந்தாவை நம்பி வாழும் சிறு சஞ்சிகைகளின் அச்சத்தையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை.

எனது விமர்சனம் வேறிடத்தில் இருக்கின்றது. இத்தளங்கள் கட்டுரையைக் காப்பாற்றின. இதழைக் கரைத்துவிட்டன. பொருளடக்கம் அங்கே இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தேடுபொறியால் வருபவன் அந்த வாசலால் உள்ளே வருவதில்லை. தனக்கு வேண்டிய கட்டுரையை எடுத்துக்கொண்டு போய்விடுகின்றான். அவன் தேடாத ஒன்றை, அவனோடு முரண்படும் ஒன்றை, பக்கத்தில் வைத்துக் கொடுப்பதுதானே பத்திராதிபரின் தொழில்? அந்தக் கை இப்போது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

இக்கருத்தை எனக்கு உறுதிப்படுத்தியது, மறுபுறமாக, மொரோக்கோவின் 'சூஃப்ள்' என்ற சஞ்சிகை. 'மூச்சுகள்' என்பது அதன் பொருள். கவிஞர் அப்துல் லதீப் லஅபி 1966இல் முஸ்தபா நீஸாபூரி, முஹம்மத் கைருத்தீன் முதலியோருடன் சேர்ந்து ரபாத்தில் தொடங்கினார். 1971இல் அதே பொருள் தரும் 'அன்ஃபாஸ்' என்ற பெயரில் அரபு இதழும் வந்தது. 1972இல் இரண்டும் ஒடுக்கப்பட்டன. லஅபி 1980 வரை சிறையிலிருந்தார். ஆட்சியாளர் நிறுத்த நினைத்த அந்த மூச்சு, பின்னர் பக்கம் பக்கமாகப் படம்பிடிக்கப்பட்டு இணையத்தில் மீண்டும் கேட்டது.

அங்கே நான் கண்டது முழு இதழ். முஹம்மத் மலீஹி வடிவமைத்த அட்டை, கவிதையை அடுத்து வரும் விவாதம், பலஸ்தீனத்துக்காக 1969இல் வெளியிட்ட 15ஆவது இதழ் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. அந்த இளைஞர்கள் எதைக் கண்டு கோபப்பட்டார்கள், எதிலே நம்பிக்கை வைத்தார்கள் என்பதை அந்த ஒழுங்குதான் எனக்குச் சொன்னது. உதிரிக் கவிதையொன்று அதைச் சொல்லியிராது.

ஆகவே தொழில்நுட்பத்தின் மீது பழி போடுவதற்கில்லை. அதே கணனி இதழை உயிர்ப்பிக்கவும் செய்யும், உதிர்க்கவும் செய்யும். எஞ்சியிருக்கும் பொறுப்பு வாசகனுடையது. 'ல தெபா'வின் பழைய இதழொன்றை அண்மையில் பொருளடக்கத்திலிருந்தே தொடங்கினேன். மூன்றாவது கட்டுரை என் அபிப்பிராயங்களுக்கு முற்றிலும் மாறானது. தேடியிருந்தால் அதை ஒருபோதும் அடைந்திருக்கமாட்டேன். கோபத்தோடுதான் வாசித்தேன், ஆனால் முடிக்காமல் வைக்கவில்லை. ஒரு சஞ்சிகை எனக்குச் செய்யவேண்டிய வேலையை, அது நின்றுபோன பிறகாவது செய்துமுடித்தது.