கடலைச் சபிக்கும் கவிதைகள்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் ஈழத்தில் எழுந்த தமிழ்க் கவிதைகள் பலவற்றில் கடலே கொலையாளி. துயரம் மெய்யானது, தீர்ப்போ அரைகுறையானது.

பவளப்பாறை எஞ்சியிருந்த ஹிக்கடுவையில் அலை தணிந்தது. சுண்ணாம்புக்காகப் பாறை அகழப்பட்டிருந்த அயலூரான பெரலியவில் அது புகையிரதத்தையே புரட்டியது. 2005இல் அரசு தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் கரையில் வீடு கட்டத் தடைவிதித்தது. சுற்றுலா விடுதிகளுக்கோ விலக்களித்தது. தடை பின்னர் தளர்ந்ததாயினும், பாதுகாப்பின் பெயரால் முதலில் விலக்கப்பட்டவன் மீனவனே.

பாறையால் இலாபங்கண்டவர் யார், கரையை வளைத்தவர் யார் என்று கேளாத கவிதை, கண்ணீரோடு குற்றத்தையும் கழுவிவிடுகின்றது. அதனை மக்கள் இலக்கியமென நாம் ஏற்பதற்கில்லை.