ஆசிரியர்: இந்திய அரசு

ஆசிரியர் இறந்துவிட்டார் என்று ரோலான் பார்த் 1967இல் எழுதினார். அதை வைத்து நம் சிறுபத்திரிகைகளில் நடந்த சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் ஆசிரியரே இல்லாமல் பிறக்கிற ஓர் எழுத்துவகை நம் பக்கத்திலேயே கிடக்கிறது, அதை யாரும் கண்டுகொள்வதில்லை. அதுதான் அரசு வெளியீடு. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தொகுதி, விசாரணைக் குழு அறிக்கை, மாதிரி ஆய்வு அட்டவணை எல்லாம் இதில் சேரும். இவற்றுக்கு மதிப்புரை எழுத ஆள் கிடையாது. ஆய்வுலகத்தில் இவற்றுக்கு அமைந்த ஒரே விமர்சகர் மேற்கோள் எண்ணிக்கை. எத்தனை ஆய்வுகள் தன் அடிக்குறிப்பில் இதைச் சொல்லியிருக்கின்றன என்று எண்ணி, அதையே தாக்கம் என்று அறிவித்துவிடுகிறார். இந்த விமர்சகர் சரியாக வாசிக்கிறாரா?

முதலில் இவர் எங்கிருந்து வந்தார் என்று பார்ப்போம். 1873இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் வக்கீல்களுக்காக ஒரு வேலை செய்தார். ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டிருக்கின்றன என்பதைச் சிறு சீட்டுகளில் அச்சடித்து விற்றார். வக்கீல்கள் அதைச் சட்டப் புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு அந்தத் தீர்ப்பு எவ்வளவு பிரபலம் என்பது முக்கியமே இல்லை. அது இன்னும் செல்லுமா, இல்லை பிற்பாடு யாராவது ரத்து பண்ணிட்டாங்களா என்பதுதான் கேள்வி. இந்த முறையைப் பார்த்துத்தான் யூஜீன் கார்ஃபீல்ட் 1955இல் அறிவியல் கட்டுரைகளுக்கும் ஒரு மேற்கோள் அடைவு வேண்டும் என்று எழுதினார். 1964இல் அதைக் கொண்டுவரவும் செய்தார். போகப்போக, செல்லுமா என்ற கேள்வி உதிர்ந்துபோனது. எத்தனை என்ற கேள்வி மட்டும் தங்கிவிட்டது.

அந்த எத்தனையையாவது ஒழுங்காக எண்ண முடிகிறதா என்றால், அரசு வெளியீட்டைப் பொறுத்தவரை இல்லை. இந்த அடைவுகள் ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ் என்ற மூன்று கொக்கிகளில் தொங்குபவை. 1961 கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். அசோக் மித்ரா தலைமைப் பதிவாளராக இருந்தபோது நடந்தது அது. தலைகளை எண்ணியதோடு நிற்காமல் நாடெங்கும் நூற்றுக்கணக்கான கிராமங்களைப் பற்றித் தனித்தனி நூல்கள் போட்டார்கள். சென்னை மாநிலத்துக்கான ஒன்பதாம் தொகுதி பி. கே. நம்பியார் பொறுப்பில் வந்தது. கிராம ஆய்வுகள் அதில் ஒரு பாகம். கோயில்களைப் பற்றி மாவட்டவாரியாக வந்தவை இன்னொரு பாகம். கோயில் வரலாறு பற்றி எழுதுகிறவர்கள் அவற்றை இன்றும் புரட்டுகிறார்கள். ஆனால் துணைநூல் பட்டியலில் எப்படி எழுதுவார்கள்? ஒருவர் ‘நம்பியார்’ என்பார். இன்னொருவர் ‘இந்திய அரசு’ என்பார். மூன்றாமவர் ‘மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1961’ என்பார். நாலாமவர் அச்சிட்ட அலுவலகத்தின் பெயரைப் போடுவார். ஆண்டிலும் குழப்பம்: கணக்கெடுத்த ஆண்டா, அச்சான ஆண்டா? ஒரே புத்தகம் நாலைந்து புத்தகமாக உடைந்துவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் சில்லறை சில்லறையாக மேற்கோள். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் மாதிரியான தளங்களோ இதழ்களையும் பதிப்பக நூல்களையும் மையமாக வைத்துக் கட்டப்பட்டவை. அங்கே அரசு அறிக்கைக்கு உள்ளே இடமில்லை. மற்றவர்களின் பட்டியலில் ஒட்டிக்கொண்டு நிழல்போலத் தெரியும், அவ்வளவுதான்.

சரி, கம்ப்யூட்டர் வைத்து இந்தப் பெயர்களை எல்லாம் ஒன்றாகக் கோத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? அப்போதும் தீராத ஒன்று இருக்கிறது. இந்தியப் பெண்களின் நிலை பற்றி ஆராய 1971இல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. புல்ரேணு குஹா தலைவர், வீணா மஜும்தார் உறுப்பினர் செயலர். 1974 முடியும் தறுவாயில் தயாரான அந்த அறிக்கையின் பெயர் ‘டுவர்ட்ஸ் ஈக்வாலிட்டி’. 1901இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்தார்கள், 1971இல் அது 930 ஆகிவிட்டது என்பதை அது முகத்தில் அறைந்ததுபோல் எடுத்து வைத்தது. இந்த எண்கள் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. பத்தாண்டுக்கு ஒருமுறை அரசே அச்சிட்டு அடுக்கி வைத்திருந்த கணக்கெடுப்புத் தொகுதிகளில் கிடந்தவைதான். சேர்த்து வாசிக்க ஒரு குழு தேவைப்பட்டது.

இந்தியாவில் பெண்ணியல் ஆய்வு என்ற துறை வேர்பிடித்ததில் இந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. வீணா மஜும்தார் முதலானோர் 1980இல் தில்லியில் பெண்கள் மேம்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கினார்கள். இப்போது எண்ணிப் பாருங்கள். கணக்கெடுப்பைச் சொன்னது அறிக்கை, அறிக்கையைச் சொன்னது முதல் தலைமுறை ஆய்வு. அந்த ஆய்வைப் பாடநூல்கள் சொல்லின, இன்றைய மாணவர் பாடநூலைச் சொல்கிறார். ஒவ்வொரு படியிலும் கீழே இருந்தது மறைந்துகொண்டே வருகிறது. வீட்டுக்கு வீடு போய்க் கதவைத் தட்டி எழுதியவரின் உழைப்பு கடைசிப் படியில் பூஜ்யம். கட்டடம் உயர உயர அஸ்திவாரம் கண்ணுக்குத் தெரியாமல் போவது இயல்புதான். ஆனால் தெரியவில்லை என்பதால் அஸ்திவாரத்துக்கு மதிப்பில்லை என்று மார்க் போடுவது என்ன நியாயம்?

இதுவரை சொன்னதெல்லாம் எண்ணிக்கை குறைவாகக் காட்டும் கதை. தலைகீழாக, வெளிவராத ஒன்றே மேற்கோளாகிற கதையும் உண்டு. தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 நுகர்வுச் செலவு அறிக்கையை அரசு வெளியிடவில்லை. 2019 நவம்பரில் ஒரு பத்திரிகை அதன் விவரங்களை வெளியிட்டது. கிராமப்புற மக்களின் செலவு குறைந்திருக்கிறது என்பது சாரம். தரவின் தரத்தில் குறை இருக்கிறது, வெளியிடப் போவதில்லை என்று அமைச்சகம் அறிவித்தது. ஆனால் பொருளியலாளர்கள் சும்மா இருக்கவில்லை. கசிந்த எண்களை வைத்துக் கட்டுரைகள் எழுதினார்கள், விவாதித்தார்கள். பதிப்பில்லை, பக்க எண் இல்லை, அதிகாரபூர்வமாக அப்படி ஒரு வெளியீடே இல்லை. ஆனால் தாக்கம் இருக்கிறது. இதை எந்த அடைவு, எந்தத் தலைப்பின் கீழ் எண்ணும்?

இன்னும் விசித்திரமானது 2011 கணக்கெடுப்பின் நிலை. 1881இலிருந்து 2011வரை, உலகப் போர் நடந்த 1941ஐயும் சேர்த்து, பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு தவறியதில்லை. 2021 தவறியது. முதல் காரணம் கொரோனா. அதற்குப் பிறகும் தள்ளித் தள்ளிப் போய், இப்போது 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். ஆக, 2024இல் இந்தியாவைப் பற்றி ஆய்வு எழுதிய ஒருவர் முழுக் கணக்கெடுப்பு வேண்டுமென்றால் 2011க்குத்தான் போயாக வேண்டும். வேறு வழியே கிடையாது. எண்ணிக்கை மட்டும் பார்க்கிறவர், அடேயப்பா, எவ்வளவு நீடித்த தாக்கம் என்பார். உண்மையில் அந்த மேற்கோள்களில் ஒரு பகுதி பாராட்டு அல்ல, பற்றாக்குறை. ஒரே கிணறு உள்ள ஊரில் எல்லோரும் அங்கேதான் தண்ணீர் எடுப்பார்கள். அதை வைத்துத் தண்ணீர் இனிக்குதுன்னு சொல்ல முடியுமா?

இது ஆய்வாளர்களின் அடிக்குறிப்புச் சண்டை மட்டுமாக இருந்தால் விட்டுவிடலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமத்தில் 75 சதவீதம் வரை, நகரத்தில் 50 சதவீதம் வரை மக்களுக்கு ரேஷன் என்கிறது. அந்தச் சதவீதத்தை எந்த மக்கள்தொகையின் மேல் போட்டார்கள்? 2011இன் மேல். ஆட்கள் கூடிவிட்டார்கள், மொத்த ஒதுக்கீடு அங்கேயே நிற்கிறது. அரசும் ஒருவகையில் மேற்கோள் காட்டுகிறது. அந்த மேற்கோள் பழசானால், பட்டியலுக்கு வெளியே நிற்கிற குடும்பத்துக்கு அரிசி இல்லை. ஷெப்பர்டின் வக்கீல்கள் கேட்ட கேள்வியை, இது இன்னும் செல்லுமா என்பதை, இங்கே கேட்க வேண்டியிருக்கிறது.

அப்ப எண்ணவே வேண்டாம்கிறீங்களா என்று கேட்கலாம். எண்ண வேண்டும். எதை மின்வடிவமாக்குவது, நூலகத்தில் எதைக் காப்பாற்றுவது, எந்த ஆய்வுக்குத் தொடர்ந்து பணம் ஒதுக்கச் சொல்லி வாதாடுவது என்பதற்கெல்லாம் கணக்கு உதவும். அரசு தன் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மாறாத ஓர் அடையாள எண் கொடுத்தாலே பாதிக் குழப்பம் தீரும். ஆனால் எண்ணோடு கூடவே எதற்காக எடுத்தார்கள், புதியது இல்லாததாலா, நேரடியாகவா, இன்னொரு நூல் வழியாகவா என்ற குறிப்பும் வேண்டும்.

மிச்சம் நம் கையில் இருக்கிறது. இதை வாசிக்கிறவர்களில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர்கள் சிலராவது இருப்பீர்கள். அடுத்தமுறை ஒரு அட்டவணையை எடுக்கும்போது ‘இந்திய அரசு’ என்று மொட்டையாகப் போட்டுவிட்டு நகராதீர்கள். தொகுதி, பாகம், அட்டவணை எண், எடுத்த ஆண்டு, அச்சான ஆண்டு எல்லாவற்றையும் எழுதுங்கள். பாடநூலில் பார்த்த எண்ணாக இருந்தால் மூலத்தைத் தேடிப் புரட்டிவிட்டு எழுதுங்கள். 2027 கணக்கெடுப்பின் தொகுதிகள் வந்த பிறகு 2011க்கான மேற்கோள்கள் சரியத் தொடங்கும். அந்தச் சரிவை யாராவது தாக்கம் குறைந்துவிட்டது என்று வரைபடம் போட்டுக் காட்டினால், நல்ல செய்தி என்று சொல்லுங்கள்.