வார்த்திகன் பெற்ற ஈடு

சிலப்பதிகாரம் பயிற்றும் நம்மிற் பலர், கட்டுரை காதையில் வரும் வார்த்திகன் வரலாற்றைக் கிளைக்கதையென்று விரைந்து கடக்கின்றோம். பாண்டியர் முறை பிழையார் என்று நாட்டவே மதுராபதித் தெய்வம் அதனைக் கண்ணகிக்குக் கூறிற்று என்பதோடு அமைகின்றோம். அது போதாது.

தங்காலில் வாழ்ந்த வார்த்திகன் மகனுக்குப் பராசரன் அன்பினால் அணிகலன் அளித்தான். அதனைக் கண்ட அரசன் ஏவலர், புதையல் கவர்ந்தான் எனத் தந்தையைச் சிறையிட்டனர். மனைவி கார்த்திகை கதறினாள். ஐயை கோயிற் கதவு திறவாதாயிற்று. உண்மையுணர்ந்த பாண்டியன் பிழை பொறுக்க வேண்டினான். தங்காலையும் வயலூரையும் அளித்தான். கிடைத்த பொருள் பெற்றவர்க்கே உரியதென முரசறைவித்தான்.

சிறையிற் பிறக்கும் பொருள்பற்றி நம் காலத்தார் கூறுவதை இதனோடு ஒப்பிடுக. கைதியர் ஈட்டும் கூலியில் ஒரு பகுதியைக் குற்றத்தால் துன்புற்றோர்க்கு ஒதுக்கச் சட்டம் வேண்டுமென 1998-இல் இந்திய உச்சநீதிமன்றம் கூறிற்று. நன்றே. ஆயின் தீங்கிழைத்தது அரசேயானால் யார் ஈடு தருவது? அரசே தரவேண்டும் என்பது இளங்கோவின் விடை.

வார்த்திகன் உயிரோடிருந்தான், ஈடு பெற்றான். கோவலனோ கொலையுண்டான், அவனுக்கு எவ்வூரை அளிப்பது? தெய்வம் பாண்டியரைப் புகழ்ந்த கதையே, ஆராயாது கொல்வித்த தீர்ப்பின் கொடுமையையும் காட்டிவிடுகிறது. மாணவர்க்கு நாம் உணர்த்தத் தக்கது இதுவே.