சொர்க்கம் யாருடைய ஊர்?

கண்டிக்கும் குண்டசாலைக்கும் திகனைக்கும் இடையில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ மரண வீடு என்றால், பெட்டிக்குப் பக்கத்தில் மெழுகுதிரியும் செபப்புத்தகமும் இருப்பதுபோல இப்போது ஒரு சின்ன ஸ்பீக்கரும் இருக்கிறது. பிளாஸ்டிக் கதிரையில் போனை வைத்துப் பேரப்பிள்ளை ஒருவன் பாட்டை மாற்றிக்கொண்டிருப்பான். பழைய கீர்த்தனை ஒன்று முடியும்; இலங்கையர் இன்னும் மறக்காத ஜிம் ரீவ்ஸ் தொடங்குவார்; அவர் ஓய்ந்ததும் கண்ணதாசனின் தத்துவப் பாட்டு வரும். துக்கத்துக்கு மூன்றும் பொருந்துவதால் எவரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் செத்தவர் எங்கே போகிறார் என்ற கேள்விக்கு இந்த மூன்றும் ஒரே பதிலைச் சொல்வதில்லை. பாதிரியார் வந்து ஓதப்போகும் விசுவாசப் பிரமாணத்தின் பதில் இம்மூன்றிலிருந்தும் வேறானது. அந்த வேறுபாட்டை நிறுத்திப் பார்க்கவேண்டியிருக்கிறது.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். பழைய கத்தோலிக்கர் மோட்சம் என்றார்கள், இன்று விண்ணகம் என்கிறார்கள். புரொட்டஸ்தாந்துச் சபைகளில் அது பரலோகம். சினிமாப் பாட்டோ சொர்க்கத்தையே பிடித்துக்கொண்டது. புராணங்களின் சொர்க்கம் இந்திரனுடைய நாடு. கற்பகதருவும் அரம்பையரும் அமுதமும் உள்ள இடம். சேர்த்த புண்ணியம் தீரும்வரை அனுபவித்துவிட்டு மறுபடி பூமிக்குத் திரும்பவேண்டிய இடம். மேலைநாட்டுப் பாட்டில் வரும் சொர்க்கத்தைக் கடவுள் வெளியேறிவிட்ட கிறிஸ்தவச் சொர்க்கம் என்று சொல்லிவிடலாம். நம் பாட்டில் வருவது வேறு வம்சம். 1978இல் வந்த ‘சட்டம் என் கையில்’ படப் பாட்டு மதுக்கிண்ணத்தில் சொர்க்கத்தைக் காணும்போதும், எத்தனையோ காதல் பாட்டுகள் அதை ஒரு பெண்ணின் அருகில் காணும்போதும், கிறிஸ்தவத்தை அவை திரிப்பதாகக் குறைசொல்வதில் நியாயமில்லை. இந்திரலோகத்தைத்தான் அவை கீழே இறக்குகின்றன.

இந்தச் சொர்க்கத்தின் குறை, அது ஒருவருடைய ஆசையின் அளவுக்கே விரிகிறது என்பதுதான். அங்கே நானும் எனக்கு வேண்டியவளும் இருப்போம். பக்கத்து வீட்டுக்காரனுக்கு இடமில்லை. தீர்ப்பு இல்லை, அநியாயத்துக்குக் கணக்குக் கேட்பாரும் இல்லை. மறுமையில் பெண் கொள்வதும் கொடுப்பதும் இல்லையென்று மத்தேயு 22இல் இயேசு சதுசேயருக்குச் சொன்ன பதில் எந்தக் காதல் பாட்டுக்கும் ஒத்துவராது. ஆனாலும் இதே குணத்துக்குள் ஒரு பெரிய பலமும் இருக்கிறது. 1990இல் வந்த ‘ஊரு விட்டு ஊரு வந்து’ படத்துக்காகக் கங்கை அமரன் எழுதி இளையராஜா இசையமைத்த பாட்டைக் கேளுங்கள். அந்நிய நகரத்தின் பகட்டுக்கு நடுவே நின்று, சொர்க்கமே கிடைத்தாலும் சொந்த ஊருக்கு ஈடாகாது என்கிறது அது. மேலோட்டமாகப் பார்த்தால் பரலோகத்தை மறுக்கும் பாட்டு. மண்ணும் உடம்பும் உறவும் இல்லாத பேரின்பம் எதற்கு என்பதுதான் அதன் உள்ளே இருக்கும் கேள்வி. இதைத் தள்ளிவிட ஒரு கிறிஸ்தவருக்கு முகாந்திரம் கிடையாது. ஏனெனில் அவர் ஞாயிறுதோறும் அறிக்கையிடுவது சரீரத்தின் உயிர்த்தெழுதலை.

இங்கேதான் ஜிம் ரீவ்ஸ் இடிக்கிறார். 1964இல் விமான விபத்தில் இறந்த அந்த அமெரிக்கப் பாடகர் பதிவுசெய்த பக்திப் பாட்டுகளில் ஒன்று, இந்த உலகம் தன் வீடல்ல, தான் வழிப்போக்கன் மட்டுமே என்கிறது. நம் கீர்த்தனைகளிலும் பரதேசி, சத்திரம், மோட்சப் பயணம் என்ற பேச்சு நிறைய உண்டு. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ஜான் பனியனின் கதையைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடியதும் அந்தத் தடத்தில்தான். எபிரெயருக்கு எழுதிய நிருபத்தில் இதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஆனால் வேதம் அதோடு நின்றுவிடவில்லை. வெளிப்படுத்தல் 21இல் மனிதர் மேலே ஏறிப் போவதில்லை. பரிசுத்த நகரம் கீழே இறங்கி வருகிறது, கடவுள் மனிதரிடையே குடியேறுகிறார். பூமியை விட்டு ஓடுவதையே மோட்சமென்று பாடும் பக்திப் பாட்டு, விசுவாசப் பிரமாணத்திலிருந்து கங்கை அமரனின் பாட்டைவிடத் தூரத்தில் நிற்கிறது என்பது என் முடிவு.

அதற்காகச் சொந்த ஊரையே சொர்க்கமாக்கிவிடலாமா? இந்த மலைநாட்டில் அது உதவாது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று லட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்குபோட்டது. தலைமன்னாருக்கு ரயிலேறியவருக்கு நம்ம ஊர் எது? இங்கேயே பிறந்து, லயத்துக் காம்பிராவில் வாழ்ந்து, அந்தக் காம்பிராவும் தோட்டத்துக்கே சொந்தம் என்று தெரிந்தவருக்கு எது? குண்டசாலையைத் தாண்டினால் 1985இல் திறந்த விக்டோரியா அணை. அதன் நீருக்கடியில் பழைய தெல்தெனிய நகரம். சொந்த ஊர் என்பது பறிக்கப்படக்கூடியது. அதைச் சொர்க்கமாக்கும் பாட்டு, ஊர் உள்ளவனுக்குத்தான் இனிக்கும். ஏசாயா 65ஆம் அதிகாரமோ புதிய வானத்தையும் புதிய பூமியையும் சொல்லிவிட்டு உடனே வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வந்துவிடுகிறது: ஒருவர் கட்ட இன்னொருவர் குடியிருப்பதும், ஒருவர் நட இன்னொருவர் பலன் உண்பதும் அங்கே இராது. தேயிலையை நட்டு வளர்த்த ஒரு சமூகத்துக்கு இதைவிடக் கிட்டிய சொர்க்கம் ஏது? மரண வீட்டு ஸ்பீக்கரில் ஒலிக்கும் மூன்று பாட்டிலும் இந்த நீதிக்கு இடமில்லை.

துக்க வீட்டில் வந்து இறையியல் பார்ப்பதா, ஆறுதல் கிடைத்தால் போதாதா என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். நான்கு வயது மகனை 1991இல் பறிகொடுத்த எரிக் கிளாப்டன் அந்தத் துயரில் ஆக்கிய பாட்டு உலகெங்கும் மரணச் சடங்குகளில் ஒலிக்கிறது. அதைக் கூர்ந்து கேட்டால், மகன் தன்னை அங்கே அடையாளம் காண்பானா என்று தகப்பன் தயங்குவதே அதன் உயிர். கண்ணதாசன் ‘பாத காணிக்கை’ (1962) படத்துக்கு எழுதிய பாட்டும் உறவுகள் எங்கெங்கே நின்றுவிடும் என்று எண்ணிக் காட்டிவிட்டு, அதற்கப்பால் யார் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறது. இவை தேற்றுவது உண்மையாகக் கேட்பதால்தான். பின்னாளில் ‘இயேசு காவியம்’ எழுதியவர் அந்தக் கேள்விக்குச் சர்க்கரை தடவாமல் விட்டது பெரிய காரியம். விசுவாசத்தின் பதில் வந்து உட்கார அப்படியொரு வெற்றிடம் தேவை. தாத்தா நட்சத்திரமாகிவிட்டார், மேலே சிரித்துக்கொண்டிருக்கிறார் என்ற வகைப் பாட்டு அந்த இடத்தை அடைத்துவிடுகிறது. அழவும் விடாது, நம்பவும் விடாது.

சினிமா மெட்டே கோவிலுக்கு ஆகாது என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. குண்டசாலையில் அரண்மனை கொண்டு வாழ்ந்ததால் குண்டசாலை ராஜா என்றே பெயர்பெற்ற வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் (1707–1739) காலத்தில், அவனுடைய ஆதரவோடு இப்பக்கத்தில் இயங்கியவர் கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். சிங்களத்தையும் தமிழையும் கற்று, இங்குள்ளோர் காதுக்குப் பழகிய ஓசையிலேயே எழுதினார். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ வடக்கில் தவக்காலத்தில் இன்றும் ராகமிட்டு வாசிக்கப்படுகிறது. ஓசையை ஊரிடமிருந்து வாங்கினார். சொல்லவேண்டிய பொருளைத் தன் விசுவாசத்திலிருந்து வைத்தார். அந்த இரண்டாவது வேலையைத்தான் இன்று போன் வைத்திருக்கும் பிள்ளையிடம் விட்டிருக்கிறோம். பெட்டி மூடுமுன் கண்ணதாசன் ஒலிக்கட்டும். குழியருகே ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, ஏசாயாவின் அந்தச் சில வசனங்களை வீட்டார் ஒருவர் உரத்து வாசிக்கட்டும். பிறகு மண் போடலாம்.