தாம்போதியிலும் பறவை இறங்கும்

தமிழ்நாட்டின் வேடந்தாங்கல் பறவைச் சரணாலயத்துக்குக் கூட்டிப்போன வான் சாரதி தங்கமான பொடியன். வாய்தான் சும்மா இருக்கவில்லை. "சிலோன்ல யானைதானே சார் பாப்பாங்க? பறவைன்னா இங்கதான் வரணும்" என்றான். மன்னாரில் பிறந்தவன் இதைக் கேட்டுவிட்டு எழுதாமல் இருக்க ஏலாது.

வேடந்தாங்கல் நல்ல இடந்தான். சுமார் 30 ஹெக்டேர் ஏரி. எங்களுக்கு அது குளம். தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால், ஊரவர்கள் 1798 இலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளுக்குப் பாதுகாப்புக் கேட்டு உத்தரவு வாங்கிவிட்டார்கள். அந்தக் கெட்டித்தனத்துக்கு ஒரு கும்பிடு. ஆனால் சீட்டு வாங்கி, கரையில் வரிசையாக நடந்து, கோபுரத்தில் ஏற முறை பார்த்து நிற்பதற்குள் எனக்கு அலுத்துவிட்டது. நான் போனது ஞாயிறு மத்தியானம். விடியற்காலை வேறு மாதிரி இருக்குமோ என்னவோ.

எங்கள் வங்காலைச் சரணாலயம் 4,839 ஹெக்டேர். ஏரியோடு களப்பை ஒப்பிடுவது நியாயமில்லைதான், சொல்லிவைக்கிறேன். அங்கே படலையும் இல்லை, சீட்டும் இல்லை. மன்னார் வீதியே அதற்குள்ளால்தான் ஓடுகிறது. மாரியில் மன்னார்த் தீவுக்குப் போகும் தாம்போதி ஓரம் சைக்கிளை நிறுத்தினால் போதும், முழங்கால் தண்ணீரில் பூநாரைகள் தலைகீழாக அலகை விட்டு அரித்துக்கொண்டிருக்கும். காற்றுக்கும் தண்ணீருக்கும் ஏற்ப அவை இடம் மாறும். இன்றைக்கு எந்தப் பக்கம் என்று மீன்பிடிகாரரைத்தான் கேட்க வேண்டும். யுத்த காலத்தில் இந்த வீதியில் நின்று பறவை பார்க்க எவருக்கும் துணிவு வராது. பறவைகள் மட்டும் சோதனைச் சாவடி இல்லாமல் வந்துபோயின.

கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஜிபிஎஸ் பூட்டிவிட்ட ஒரு கடற்காகம் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போய், அடுத்த மாரிக்கு மன்னாருக்கே திரும்பியது. வழியில் இந்தியாவைத் தாண்டித்தான் போனது என்பதைச் சாரதித் தம்பிக்குச் சொல்ல வேண்டும்.

சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் வங்காலை 2010 இல் ஏறியது, வேடந்தாங்கல் 2022 இல்தான். தமிழ்நாட்டின் கோடியக்கரை 2002 இலேயே ஏறியதை யாரும் இப்போது ஞாபகப்படுத்த வேண்டாம்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். வேடந்தாங்கலில் கரையெல்லாம் மரநிழல். வங்காலையில், தள்ளாடிப் பக்கம் பத்து மணிக்குமேல் தொப்பி இல்லாமல் நின்றால் மண்டை வெடிக்கும். ஒரு கொட்டிலாவது போட்டுத்தந்தால் நல்லது.