காதுக்குத் தெரிந்த செயின்

சென்னை ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கரையில் ஃபைபர் படகுக்கு மாட்டும் மோட்டார் இரண்டு ஸ்ட்ரோக் என்றால் அதில் கேம் திறந்து மூடும் வால்வு கிடையாது. கேம் ஷாஃப்டும் இல்லை, டைமிங் செயினும் இல்லை. கொஞ்சம் தள்ளி, பெசன்ட் நகர்த் தெருவில் நிற்கும் டீசல் டிசையர் டாக்ஸிக்கோ அந்தச் செயின்தான் உயிர். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. கணக்கு பிசகினால் இஞ்சின் திணறும். இன்னும் பிசகினால் பிஸ்டன் வால்வை இடிக்கும், ராக்கர்கள் முறியும்.

இந்த டிசையரில் இருக்கும் ஃபியட்டின் 1248 சிசி மல்ட்டிஜெட் இஞ்சினை மாருதி 2007-இல் ஸ்விஃப்ட்டில் பொருத்தியது. 2020-இல் பிஎஸ்-6 வந்ததும் டீசலையே கைவிட்டது. வண்டிகள் இன்னும் ஓடுகின்றன, செயின் சத்தமும் பட்டறைக்கு வந்துகொண்டே இருக்கிறது.

அந்தச் சத்தத்தைப் பிரித்தறிவதில்தான் தொழிலின் அழகு. ஓடிச் சூடான வண்டியைக் கேட்டுவிட்டு நல்ல மெக்கானிக் தீர்ப்புச் சொல்லமாட்டார். “ராத்திரி வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்கண்ணே. காலைல நான்தான் மொதல்ல ஸ்டார்ட் பண்ணணும்” என்பார். டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது. இரவெல்லாம் நின்றால் ஆயில் வடிந்திருக்கும். ஸ்டார்ட் ஆனதும் இரண்டு மூன்று விநாடி கரகரத்து அடங்கினால் சந்தேகம் டென்ஷனர் மேல். அடங்காமல் ஐடிலிலும் தொடர்ந்தால் செயினே தளர்ந்திருக்கலாம். டாப்பெட் சத்தம் ஹெட்டிலிருந்து வரும்; பேரிங் அடித்தால் கீழேயிருந்து, லோடு ஏற ஏறக் கனக்கும். நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை டைமிங் கவரில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கண்மூடிக் கேட்கிறார். ஸ்கேனரில் கேம்-கிராங்க் எரர் கோட் விழும்வரை அவர் காத்திருப்பதில்லை.

இஞ்சினை இறக்கிப் பிரித்ததும் கண்ணுக்கு வேலை. செயினைப் பக்கவாட்டில் படுக்கப் பிடித்தால் புதியது ஏறக்குறைய நேராக நிற்கும். தேய்ந்தது வளைந்து தொங்கும். எஃகுத் தகடு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின் துளித்துளியாகத் தேய்ந்து, எல்லாம் சேர்ந்து நீளமாகிறது. கைடின் பிளாஸ்டிக்கில் ஏர் உழுத சால்போல இரண்டு பள்ளம். ஸ்ப்ராக்கெட் பல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அந்தப் பல்லில் புதுச் செயின் ஏற்றினால் அதுவும் சீக்கிரம் போய்விடும். அதனால் செயின், டென்ஷனர், கைடு, ஸ்ப்ராக்கெட் நான்கையும் சேர்த்தே மாற்றுவார். புதுப்பேட்டையில் பழைய செயின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடமாட்டார்.

பலர் இத்தோடு வேலை முடிந்தது என்பார்கள். இவர் சம்பைக் கழற்றி ஆயில் ஸ்ட்ரெய்னரைப் பார்க்கிறார். கெட்டிப்பட்ட கசடு, முந்தைய வேலையில் அள்ளிப் பூசிய சிலிக்கான் துணுக்குகள்: ஆயில் ஏறாததற்குக் காரணம் அங்கே இருக்கலாம். கடற்காற்று சைலன்சரை அரிக்கும். ஆயிலுக்குள் மூடிக்கிடக்கும் செயினை எட்டாது. செயினைத் தின்பது மாற்றாமல் விட்ட ஆயில். தி. நகர் நெரிசலில் ஏசியோடு நிற்கும் டாக்ஸியில் கிலோமீட்டர் ஏறுவதில்லை, இஞ்சின் ஓடிய நேரம் ஏறுகிறது. மீட்டரை மட்டும் பார்த்து ஆயில் மாற்றுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

மாட்டும்போது கேமையும் ஃப்ளைவீலையும் லாக்கிங் டூல் போட்டு நிறுத்துகிறார். மார்க்கர் பேனாவால் கோடு கிழித்துச் சமாளிக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. செயின் ஏறியதும் டூலை எடுத்துவிட்டு, கிராங்கைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றி, டூல் மறுபடி அதே துளையில் சிரமமில்லாமல் இறங்குகிறதா என்று பார்க்கிறார். மயிரிழை தடுத்தாலும் ஸ்பானரை அழுத்துவதில்லை. அரை நாள் போனாலும் போகட்டும் என்று கவரைத் தள்ளிவைத்துவிட்டு, செயினை இறக்கி மறுபடி ஏற்றுகிறார்.