காற்றைக் கண்டு மெலிந்த அம்பு

வெளித்திடலுக்கென்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த, காம்பவுண்டு வில்லுக்கான அம்பு ஒன்றை உள்ளங்கையில் கிடத்திப் பாருங்கள். முதலில் மனத்தைப் பறிப்பது அதன் ஒல்லி. இரண்டடிக்குச் சற்றே மேற்பட்ட நீளம், ஐந்து மில்லிமீட்டர் சொச்சம் தடிமன். மினுக்கு இல்லாத அமைதியான கறுப்பு. தலையிலிருந்து வால்வரை மொத்தமும் சேர்ந்து இருபத்தைந்து கிராம் வாக்கில்தான் இருக்கும். ஆனாலும் கையில் எடுத்தவர் அதை லேசானது என்று சொல்லமாட்டார். தலைப்பக்கம் ஓர் அடர்த்தி விரலை மெல்லக் கீழே இழுக்கும்.

அந்த ஒல்லியைச் சும்மா கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. இதே வில்லாளி மழைக்காலத்தில் கூரைக்குக் கீழே பதினெட்டு மீட்டரில் எய்யும்போது பருமனான அம்பைத்தான் எடுப்பார். விதி அனுமதிக்கும் உச்சத் தடிமன் 9.3 மில்லிமீட்டர், அதுவரைக்கும் போவார். காரணம் உண்டு. அம்பின் விளிம்பு வளையக் கோட்டைத் தொட்டாலே போதும், கூடுதல் மதிப்பெண் கிடைத்துவிடும். பருத்த தண்டுக்கு ஒரு முடியளவு சலுகை கைவசம் இருக்கிறது. வெளித்திடலில் அந்தச் சலுகையை முழு மனத்தோடு விட்டுக்கொடுத்துவிட்டு மெலிந்து நிற்கிறது இந்த அம்பு. விட்டுக்கொடுத்தது காற்றுக்காக. இதன் அழகெல்லாம் இந்த ஒரு பேரத்திலிருந்துதான் பிறக்கிறது.

ஐம்பது மீட்டர் தூரம். எண்பது சென்டிமீட்டர் இலக்குத் தாள். அதன் நடுவில் பத்து மதிப்பெண் வட்டம் எட்டு சென்டிமீட்டர் விட்டம். அம்பு அங்கே போய்ச் சேர ஒரு வினாடிகூட ஆவதில்லை. அந்தக் கண்ணிமைப்பில் பக்கக் காற்று அதை எவ்வளவு தள்ளும் என்பது, பறக்கும்போது அம்பு எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பதைப் பொறுத்தது. வேகத்தை இழக்காத அம்பைக் காற்றால் அதிகம் அசைக்க முடியாது. அதனால் உடம்பு மெலிய வேண்டும், எடையோ குறையக் கூடாது. இந்த இரண்டு ஆசைகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்பவை. இரண்டையும் ஒரே தண்டில் சமாதானமாகக் குடியிருத்தியதுதான் கைத்திறன். காற்றில்லாத காலை வேளையில் லேசான, வேகமான அம்பு மனத்தை மயக்கத்தான் செய்யும். பிற்பகலில் இலக்குக் கம்பத்தின் மேல் கொடி படபடக்கத் தொடங்கும் நேரத்தில் என் நம்பிக்கை கனத்த ஒல்லியிடம்தான்.

தண்டின் உள்ளே எட்டிப் பார்த்தால் இன்னொரு நேர்த்தி. ஈஸ்டன் நிறுவனம் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டிக் கொண்டுவந்த எக்ஸ்-10 வகையில், உள்ளே மெல்லிய சுவர் கொண்ட அலுமினியக் குழல், அதன்மேல் இறுகப் பிடித்த கார்பன் இழை. வெளியிலிருந்து நேர்கோடாகத் தெரிவது உண்மையில் நேர்கோடல்ல. நடுவில் ஒரு நூலிழை பருத்து, இரு முனைகளிலும் மெலிந்து இறங்குகிறது. கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். இரண்டு விரல்களுக்கிடையே மெதுவாக உருவிவிட்டால் அந்த ஏற்றமும் இறக்கமும் தோலுக்குத் தெரியும். வளைவு அதிகமாக வரும் நடுவயிற்றில் வலுவும், அதிர்வு அடங்க வேண்டிய ஓரங்களில் இலகுவுமாகப் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். காம்பவுண்டுக்கென்றே வடித்த புரோடூர் இதே குடும்பத்துப் பிள்ளை.

விறைப்புக்கு வருவோம். வில்லாளிகள் ஸ்பைன் என்பார்கள். இருபத்தெட்டு அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். தண்டு எத்தனை அங்குலம் தொய்கிறது என்று பார்த்து, அதை ஆயிரத்தில் சொன்னால் அதுதான் எண். 420 என்று எழுதியிருந்தால் 0.420 அங்குலம், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். எண் ஏற ஏற இளக்கம், இறங்க இறங்க விறைப்பு. ஆனால் இது தூங்கும் அம்பின் குணம். நாண் பின்னாலிருந்து உந்தும்போது அதே தண்டு வேறொரு ஆளாகிவிடும். அரை அங்குலம் வெட்டினால் விறைக்கும், முனையில் எடை கூட்டினால் இளகும். நிறுவனங்கள் அச்சிடும் அட்டவணை வாசல்வரை கொண்டுவந்து விடும். உள்ளே நுழைவது வில்லாளியின் பாடு. விரலால் நாணை விடும் ரிகர்வ் வில்லில் அம்பு பக்கவாட்டில் நெளிந்துதான் புறப்படும். காம்பவுண்டில் ரிலீஸ் கருவி நாணைத் துப்புரவாக விட்டுவிடுவதால் அந்த நெளிவு வெகுவாக அடங்கிவிடுகிறது. அதனால் சற்றே விறைப்பான பக்கம் சாய்ந்து தேர்ந்தாலும் இந்த வில் பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொள்ளும். விதிப்படி உச்சமான அறுபது பவுண்டுக்குப் பக்கத்தில் இழுப்பவர்களுக்கு விறைப்பில் ஒரு படி கூட்டி எடுப்பது நல்லது என்பது என் கட்சி.

அந்தத் தலைப்பக்க அடர்த்தியின் ரகசியம் முனையில் இருக்கிறது. எடையைக் கிரெயினில் சொல்லும் பழக்கம் இத்துறையில் இன்னும் போகவில்லை. 120 கிரெயின் முனை என்றால் எட்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. மொத்த அம்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடை, விரல்கடை நீளமான இந்தத் துண்டிலேயே குவிந்திருக்கிறது. டங்ஸ்டன் முனையாக இருந்தால் இன்னும் அருமை. எஃகைவிட இரு மடங்குக்கு மேல் அடர்ந்த உலோகம் என்பதால், அதே எடை இன்னும் சிறிய இடத்தில், இன்னும் முன்னே போய் உட்காருகிறது. விலையைக் கேட்டால் நெஞ்சு ஒருமுறை நின்று துடிக்கும். எஃகு முனையிலும் ஓர் அழகு உண்டு. தண்டுக்குள் போகும் அதன் வாலில் வெட்டுக் கோடுகள் போட்டு வைத்திருப்பார்கள். இடுக்கியால் ஒரு கணு ஒடித்தால் பத்துக் கிரெயின் குறையும். எடையை ஒடித்து ஒடித்துச் சரிபார்க்கலாம்.

பின்னால் மூன்று சிறகுகள். பறவையின் இறகு இப்போது இங்கே இல்லை, சின்னஞ்சிறு பிளாஸ்டிக் தகடுகள்தான். இரண்டு அங்குலத்தைத் தாண்டாதவை, தாழ்வானவை, தண்டின் போக்கிலிருந்து ஒரு துளி சாய்த்து ஒட்டியவை. அந்தச் சாய்வில்தான் அம்பு தன்னைத்தானே சுழற்றிக்கொள்கிறது. சிறகு பெரிதானால் அம்பைச் சீக்கிரம் நேர்ப்படுத்தும், ஆனால் காற்றுக்குக் கூடுதல் கைப்பிடி கொடுத்துவிடும். முன்கனம் நன்றாக அமைந்த அம்புக்குச் சிறு சிறகே போதும். ஒட்டும்போது சிறகின் அடியில் பசை வழியாமல், முன்முனையில் மட்டும் ஒரு சொட்டு மூடி நிற்பதைப் பார்த்தால் ஒட்டியவரின் கை தெரிந்துவிடும். சிலர் வால்பக்கம் வண்ணப் படத்தாள் சுற்றுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. சேர்த்த முன்கனத்தைப் பின்னால் கொண்டுபோய்ச் செலவழிப்பானேன்?

எய்யும் முன் வில்லில் அம்பு படுத்திருப்பது, வளைந்து நிமிரும் மெல்லிய எஃகுத் தகட்டின் மேல். புறப்படும்போது சிறகு அந்தத் தகட்டைத் தொடுகிறதா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை வால்பக்கத்திலும் தகட்டிலும் அடித்துவிட்டு ஓர் அம்பு எய்வார்கள். வெள்ளைப் பூச்சில் ஒரு கீறல் தெரிந்தாலும் நாணைக் கவ்வும் வால்துண்டைச் சில பாகை திருப்பி மறுபடியும் எய்வார்கள். கீறலே இல்லாமல் வெண்மை அப்படியே இருக்கும் அம்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கையில் ஏற்படும் மகிழ்ச்சி ஒரு தனி ரகம்.

நாணைக் கவ்வும் அந்தச் சிறிய பிளவுத் துண்டு, நாக், இந்த அம்புகளில் நேரே தண்டுக்குள் செருகப்படுவதில்லை. தண்டின் வாலில் ஓர் அலுமினிய ஊசி, அதன்மேல் நாக். ஐம்பது மீட்டரில் நன்றாக எய்பவருக்கு ஒரு தொல்லை உண்டு. பின்னால் வரும் அம்பு முன்னால் குத்திய அம்பின் வாலிலேயே போய் முட்டும். அப்போது நாக் உடையும், ஊசி வளையும், தண்டு பிழைத்துக்கொள்ளும். மலிவான சிறு சாமான் உயிரைக் கொடுத்து ஆயிரங்களைக் காப்பாற்றுகிறது. நாக் நாணைப் பிடிக்கும் இறுக்கமும் சுவையான சங்கதி. அம்பை நாணில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் விழக் கூடாது, நாணை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிட வேண்டும். அதற்குமேல் இறுக்கமும் ஆகாது, தளர்ச்சியும் ஆகாது.

இத்தனையும் அமைந்த பிறகுதான் உண்மையான தேர்வு தொடங்குகிறது. ஒரே பெட்டியில் ஒரே எண்ணோடு வந்த பன்னிரண்டும் ஒரே குணம் கொண்டவையல்ல. எந்தத் தண்டும் சுற்றளவு முழுக்க ஒரே சீராக விறைத்திருப்பதில்லை, ஒரு பக்கம் எப்போதும் கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்கும். அதனால் சிறகில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் எழுதி, நாள் கணக்கில் எய்து, எந்த எண் எங்கே குத்தியது என்று வில்லாளி குறித்துக்கொண்டே வருகிறார். ஏழாம் எண் மட்டும் எந்நேரமும் இடப்பக்கம் தாழ்ந்து போகிறதா? நாக்கைச் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு திருப்பி, அடுத்த சிறகை முதற்சிறகாக்கி எய்து பார்க்கிறார். பெரும்பாலும் அந்தச் சிறு திருப்பத்திலேயே அது கூட்டத்தோடு வந்து சேர்ந்துவிடும். சேராவிட்டால் இன்னொரு திருப்பம். அதற்கும் மசியாதது பயிற்சிக்கூடைக்குப் போகும். நாகஸ்வரத்தோடு தொங்கும் சீவாளிக் கொத்திலிருந்து வித்வான் ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து அன்றைய கச்சேரிக்கானதை எடுக்கும் பொறுமை இதில் இருக்கிறது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவருக்கு 2023 ஆகஸ்ட், பெர்லின் உலகச் சாம்பியன்ஷிப்பைக் காட்டலாம். ஆண்கள் காம்பவுண்டு இறுதியில் நம் ஓஜஸ் தேவ்தளே பதினைந்து அம்பு எய்தார், பதினைந்தும் பத்து. எதிரே நின்ற போலந்தின் வூகாஷ் பிஷிபில்ஸ்கி எடுத்தது 149. பதினைந்தில் ஒன்றே ஒன்று ஒன்பதில் போய் நின்றது. அதே நாள் அதிதி சுவாமி பெண்கள் பட்டத்தை 149-க்கு 147 என்று வென்றார், அப்போது அவருக்கு வயது பதினேழு. இந்தக் கணக்கில் ஏழாம் எண்ணின் இடப்பக்கச் சாய்வு எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். கலப்பு அணி காம்பவுண்டு 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் முதல்முறையாக நுழைகிறது. நம் பிள்ளைகளின் அம்புக்கூட்டில் இந்த ஒல்லிகளை அங்கே பார்க்கலாம் என்று நான் ஆசையோடு இருக்கிறேன்.

நிறத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒருவர் ஒரு சுற்றில் எய்யும் அம்புகள் எல்லாம் ஒரே சாயலில், ஒரே நிற அமைப்பில் சிறகும் நாக்கும் கொண்டு இருக்க வேண்டும், தண்டில் அவர் பெயரோ முதலெழுத்துகளோ இருக்க வேண்டும் என்பது உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் விதி. எந்த நிறம் என்பது மட்டும் உங்கள் விருப்பம். பொடி எழுத்தில் பெயர், வெள்ளைச் சிறகு இரண்டு, முதற்சிறகு மட்டும் ஆரஞ்சு, இது என் கண்ணுக்கு நிறைவான சேர்க்கை. மஞ்சள் நாக் மட்டும் வேண்டவே வேண்டாம். இலக்கின் நடுவட்டமே மஞ்சள். தொலைநோக்கியில் பார்க்கும்போது, நன்றாகப் போன அம்புதான் முதலில் கண்ணுக்குத் தெரியாமல் போகும். இளஞ்சிவப்பு வாங்குங்கள், வெயிலில் பளிச்சென்று தெரியும்.